எச்சில் தொட்ட சுவர்

ஜாடி பாதி காலியாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் கூடத்தின் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, மேஜைமேல் பையை வைத்த சித்தியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கண்ணாடி ஜாடி கழுத்துவரை நிரம்பியிருந்தது. அவளால் சத்தியம் செய்ய முடியும், ஏனென்றால் உள்ளே இருந்ததைக் கையால் தொடப் பிடிக்காமல் ஒரு அட்டைத் துண்டால் அமுக்கித்தான் மூடியைத் திருகியிருந்தாள். மூடி இப்போதும் இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தவைதான் குறைந்திருந்தன. போனது பொன்னும் பொருளுமல்ல. ஒன்பது பிள்ளைகள் வாயில் வைத்து நனைத்து, நூறு வருடத்து அழுக்கைத் துடைத்துவிட்டுப் போட்ட பஞ்சுக்குச்சிகள். எச்சில் குச்சிகள். அவற்றை எந்தப் புண்ணியவான் எடுத்துக்கொண்டு போவான் என்று அவளுக்குப் புரியவில்லை.

எச்சில் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பழைய ஓவியங்களைச் சீர்செய்கிறவர்கள் பல ஊர்களில் செய்கிற வேலைதான் இது. வாயில் ஊறும் நீரில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்கையும் புகைக்கரியையும் கரைக்கும், அடியில் இருக்கும் வண்ணத்தைத் தொடாது. குச்சியின் நுனிப் பஞ்சை நாக்கில் வைத்து நனைத்து, சுவரில் மெல்ல உருட்டி, அழுக்கானதும் எறிந்துவிட்டு அடுத்த குச்சி. சித்தி பதினான்கு வருடமாக இதைச் செய்கிறாள். ஆனால் ஆள் என்னவோ அருவருப்பின் அவதாரம். அவளுடைய தம்ளரில் யாராவது வாய் வைத்துக் குடித்துவிட்டால் அதைத் தனியே எடுத்து வைத்து மூன்று முறை கழுவுகிற ரகம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் விரலை நக்கிப் பேப்பரைப் புரட்டினால் எழுந்து நின்றுகொண்டே வீடு வந்து சேருவாள். அவளுடைய எச்சில் தொழில்; அடுத்தவர் எச்சில் வெறும் எச்சில்.

அப்படிப்பட்டவள் தலையில்தான் இந்தத் திட்டம் வந்து விழுந்தது. பிள்ளைகளை மரபோடு சேர்த்துவைக்கிற திட்டம் என்று மரபு அலுவலகத்து அதிகாரி சொன்னார். பழைய கட்டடங்களைப் பெரியவர்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த தலைமுறைக்கு அவை வெறும் சுவராகத்தான் தெரியும், கையால் தொட்டு வேலை செய்தால்தான் சொந்தமாகும் என்று அவர் அழகாகவே பேசினார். கைதட்டலாம் போலத்தான் இருந்தது. விடுமுறையில் ஐந்து நாள், பத்து வயதையொட்டிய ஒன்பது பிள்ளைகள், ஒரு பழைய விடுதியின் சாப்பாட்டுக் கூடம். பெற்றோர் இல்லாத பிள்ளைகளை ஒரு காலத்தில் அங்கே தங்க வைத்திருந்தார்களாம். கூடத்தின் பின்சுவர் முழுக்க ஓர் ஓவியம். நீண்ட மேஜை, அதன் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒன்பது பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தட்டு. பக்கத்திலேயே சமையலறை இருந்ததால் சுவரெல்லாம் கரியேறி முகங்கள் கருத்துக் கிடந்தன. அதில் ஒரு விசேஷம், எந்தப் பிள்ளையும் எக்க வேண்டாம், குனிய வேண்டாம். சுவர்ப் பிள்ளைகளின் முகம் நிற்கிற பிள்ளைகளின் முகத்துக்கு நேர் எதிரே சரியாக வந்தது.

"நமக்காகவே அளவெடுத்து வரைஞ்ச மாதிரி இல்ல?" என்றார் அதிகாரி, போனில் படம் எடுத்தபடி. "பிள்ளைங்களைப் பிள்ளைங்களே துடைச்சு வெளிய கொண்டு வரப்போறாங்க. ஆளுக்கொரு முகம்."

அந்த ஒன்பதில் ஒருத்தி சித்தியின் அக்கா மகள். ரேடியோ என்று வீட்டில் பெயர். பிறந்ததிலிருந்து வாய் மூடியதில்லை. தூக்கத்தில்கூட ஏதாவது செய்தி வாசிப்பாள். அக்கா அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. மகளைத் தங்கையிடம் விடுவதற்கு அவளுக்கு அரை மனசுதான். சித்திக்குப் பொருள்களிடம் இருக்கிற கரிசனம் மனுஷர்களிடம் கிடையாது என்பது அக்காவின் பழைய குற்றச்சாட்டு. "உடைஞ்ச பானையைத் தொடக் கையுறை போடுவே. பிள்ளையைத் தொடத் தெரியாது உனக்கு" என்று முகத்துக்கு நேராகவே சொல்வாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "எப்படி விட்டுட்டுப் போறேனோ அப்படியே எனக்குத் திருப்பிக் குடுடி. அது போதும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சித்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வெள்ளிக்கிழமை, பிள்ளைகளின் வேலையைப் பெற்றோருக்குக் காட்டுகிற நாளில், அக்கா நேராகக் கூடத்துக்கே வருவதாக ஏற்பாடு. அதற்குள் இந்தப் பிள்ளை ஒரு கீறலும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் சித்தியின் வேண்டுதல்.

முதல் நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. ரேடியோ கூப்பிடுவதைக் கேட்டு மற்ற எட்டுப் பேரும் அவளைச் சித்தி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். எச்சில் என்றதும் ஒன்பது பேரும் "ச்சீ" என்று கத்தி உருண்டு சிரித்தார்கள். பிறகு அவள் கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. முகத்தின் மற்ற இடங்களில் படிந்திருந்தது அடுப்புப் புகைதான். ஆனால் வாயின்மேல் இருந்த கரி தானாகப் படிந்ததல்ல. கொழுப்பில் குழைத்து, யாரோ கட்டைவிரலால் தடித்தடியாக அப்பியிருந்தார்கள். ஒன்பது வாயிலும். அவசர அவசரமாக அப்பிய கை.

சித்திக்கு அதைப் பார்த்ததும் உள்ளுக்குள் குஷி. பிற்காலத்தில் எவனோ செய்த கிறுக்குத்தனம், கிடைத்தற்கரிய கண்டுபிடிப்பு, அறிக்கையில் ஒரு முழுப் பக்கம் எழுதலாம். மூல ஓவியத்தின்மேல் பின்னால் பூசியதை எடுத்துவிட வேண்டும் என்பது அவள் படித்த முதல் பாடம். எதற்காகப் பூசினார்கள் என்று கேட்பது பாடத்தில் இரண்டாவதாகத்தான் வரும். அவள் அதுவரை போகவில்லை.

"வாயில இருந்து ஆரம்பிங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

இப்போது நான்காம் நாள். பாதி ஜாடியைப் பார்த்தவள், துப்புரவு செய்கிறவர்தான் கொட்டியிருப்பார் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள். பாதியை மட்டும் கொட்டிவிட்டு யாராவது மூடியைத் திரும்பத் திருகி வைப்பார்களா என்று மனசு திருப்பிக் கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை. வெயில் பட்டால் வண்ணம் வெளுக்கும் என்று ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ஒற்றைக் குழல்விளக்கு எங்கோ ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ரீங்கரித்தது. பழைய புகையும் கெட்டுப்போன கொழுப்பும் கலந்த வாடை மூன்று நாளில் பழகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. சட்டென்று பிடிபடவில்லை. சுவரின் பக்கம் போகப் போகத்தான் தெரிந்தது. வாயைத் திறந்தபடி தூங்கி எழுந்த குழந்தையின் தலையணையில் வருமே, அந்த வாசனை.

பிள்ளைகள் வாய்களை நன்றாகவே வெளியே கொண்டுவந்திருந்தார்கள். ஒன்பதும் திறந்த வாய்கள். சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி, மேல்வரிசைப் பல் தெரிய, கீழுதடு தொங்க. அந்தக் கீழுதடுகளுக்கு அடியில், மோவாயில், ஈரம். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது. மழை பெய்து மாதமாகிறது. காகிதத்தை மடித்து ஒரு மோவாயைத் துடைத்தாள். துடைத்த காகிதம் சுவரைவிட்டு வரும்போது கூடவே நூல் இழுத்தது. மெல்லிய, பளபளக்கிற நூல். அறுந்து அவள் மணிக்கட்டில் விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

குழாயடிக்கு ஓடிப்போய் மணிக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். தோல் சிவக்கிற வரைக்கும் கழுவியும் வெதுவெதுப்பு போகவில்லை.

பிள்ளைகள் வந்தார்கள். வரும்போது எந்தச் சத்தமும் இல்லை. முதல் நாள் கூரை பறக்கிற அளவுக்குக் கூச்சல் போட்ட கூட்டம், இன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே நுழைந்து, நேராக அவரவர் முகத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டது. மரபின்மேல் ஈடுபாடு வந்துவிட்டது என்று அதிகாரி எட்டிப் பார்த்து மெச்சிவிட்டுப் போனார். சித்தியும் முதலில் அப்படித்தான் நினைக்கப் பார்த்தாள். மேஜையில் உட்கார்ந்து குறிப்பு எழுதினாள். குச்சி சுவரில் உருளும் சத்தம், சருகு நகர்கிற மாதிரி, ஒன்பது இடத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. நடுநடுவே இன்னொரு சத்தம். சப்புகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தால் நின்றுவிடும். குனிந்தால் திரும்ப வரும்.

தடிமனான கண்ணாடி போட்ட பையன் ஒருவன் இருந்தான். சோடாபுட்டி என்று மற்றவர்கள் வைத்த பெயரை அவனே சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருந்தான். மத்தியானம் அவன் தண்ணீர் பாட்டிலை வாயில் கவிழ்த்துக் குடித்துக்கொண்டே இருந்தான். பாட்டில் காலியானதும் உதட்டைத் துடைக்கவில்லை. துடைக்க ஒன்றுமில்லை. வெடித்த உதட்டில் ஒரு சொட்டு ஈரம்கூட ஒட்டவில்லை.

"என்னப்பா, இவ்வளவு தாகமா?" என்று கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்திலிருந்து ஒட்டுக் காகிதத்தைப் பிய்க்கிற சத்தத்தோடு பிரிந்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பவும் சுவருக்குப் போனான்.

அன்று சாயங்காலம் வீட்டில் ரேடியோ ரொட்டித் துண்டை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தாள். நாள் முழுவதும் அவள் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். மென்றதை விழுங்க முடியாமல் தட்டின் ஓரத்தில் மெல்லக் கக்கினாள். அடுத்தவர் மென்று கக்கியதைப் பார்த்தாலே அவளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. ஆனால் இது அதைவிட மோசம். கக்கியது கூழாக இல்லை. மாவாக இருந்தது. இவ்வளவு நேரம் வாயில் கிடந்த ரொட்டி, அரைத்த மாவு மாதிரி காய்ந்து, ஊதினால் பறக்கும்போல.

"வாயைத் திற" என்று கைவிளக்கை அடித்துப் பார்த்தாள். நாக்கு வற்றிய குளத்துத் தரைபோல வெடித்திருந்தது. நடுவே, நுனியிலிருந்து தொண்டைவரை, பழுப்பாக ஒரு கோடு. அந்த வாடை. கெட்டுப்போன கொழுப்பும் புகையும். பத்து வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து.

"துடைச்ச குச்சியைத் திரும்ப வாயில வச்சியா? உண்மையைச் சொல்லு."

ரேடியோ நாக்கைப் பிரித்தெடுத்துப் பேச வேண்டியிருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "எல்லாரும்தான் வைக்கிறோம்."

"வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க." அவள் கண்ணில் கண்ணீர் வருகிற பாவனை இருந்தது, கண்ணீர் வரவில்லை. "ஆனா நீங்க வச்சீங்களே, சித்தி. செஞ்சு காட்டினப்போ."

உண்மைதான். பதினான்கு வருடத்துக் கைப்பழக்கம். வாயால் ஒன்றைச் சொல்லிக்கொண்டே, துடைத்த குச்சியைத் திரும்ப நாக்கில் வைத்து நனைத்து, திரும்பச் சுவரில் உருட்டியிருக்கிறாள். தனியாக வேலை செய்யும்போது எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம். பிள்ளைகள் சொன்னதையா கேட்கும், செய்ததைத்தானே பார்க்கும்.

"ஜாடியில போட்டதெல்லாம்?"

"இனிப்பா இருக்கும், சித்தி. சாயங்காலம் நீங்க மூடி வச்சுட்டுக் கை கழுவப் போறப்போ ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்குவோம்." ரேடியோ பாவாடைப் பையில் கையைவிட்டு ஒரு பிடி குச்சிகளை எடுத்துக் காட்டினாள். பஞ்சு ஒன்றில்கூட இல்லை. சுத்தமாகச் சப்பி எடுத்த மொட்டைக் குச்சிகள். சித்தி கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னார். வழியிலேயே அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு நிகழ்ச்சியை நிறுத்திடுங்க சார். பிள்ளைங்க எல்லாருக்கும் வாய் வறண்டு போயிருக்கு."

"தண்ணி குடிக்கச் சொல்லுங்கம்மா. ஒன்பது வீட்டுக்கும் சொல்லியாச்சு. காலைல பிள்ளைங்களைக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லியிருக்கேன், கடைசியா ஒரு துடை துடைக்கட்டும்."

"அந்தச் சுவர்ல என்னமோ இருக்கு சார்."

"இருக்கட்டும்மா. அதைப் பார்க்கத்தானே எல்லாரும் வர்றாங்க" என்று சிரித்துவிட்டு அவர் போனை வைத்தார்.

மற்ற வீடுகளின் போன் எண்களெல்லாம் அவரிடம்தான் இருந்தன. காலையில் முதல் ஆளாகப் போய்க் கூடத்தை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள்வது என்று அவள் முடிவு செய்தாள். அக்கா கூப்பிட்டபோது போனை ரேடியோவின் காதில் வைத்தாள். பிள்ளை "ம்" என்றது. இன்னொரு "ம்" என்றது.

"என்னடி பண்ணினே அவளை? பேசவே மாட்டேங்கறா" என்றாள் அக்கா.

"களைச்சுப் போயிருக்கா அக்கா. நாளைக்கு வந்துடுவே இல்ல, நேர்ல பேசுவா." சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. இப்படிப் பொய் சொல்லித் தப்பிக்கிற ஆள்தான் தான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. படுக்கை காலி. செருப்பு இல்லை.

ஈரத் தலையோடு ஓடினாள். கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். வெயில் அதற்குள் ஏறியிருந்தது. தெருவெல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. வாசல் கேட்டருகே அதிகாரி மடிப்புக் கலையாத சட்டையில் நின்று, நாற்காலி இறக்குகிறவர்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளைங்க அப்பவே வந்துட்டாங்கம்மா, நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். என்ன அமைதி, என்ன ஒழுக்கம்" என்று அவர் சொன்னது அவள் முதுகில் விழுந்தது. கூடத்துக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

விளக்கு போடவில்லை. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை.

வாடை மட்டும். ஈரத் தலையணை வாடை. கூடம் நிறைய.

பிறகு சத்தம். கன்றுக்குட்டி மடி குடிக்கிற சத்தம். ஒன்று இல்லை, நிறைய.

சமையலறைப் பக்கத்துப் புகைபோக்கி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கண் பழகியது. ஒன்பது பிள்ளைகளும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கையில் குச்சி இல்லை. கைகள் பக்கவாட்டில் தொங்கின. ஒன்பது பின்னந்தலைகள். ஒவ்வொரு முகமும் சுவர் முகத்தில் அழுந்தி, ஒவ்வொரு வாயும் சுவர் வாயில் பொருந்தியிருந்தது. அளவு எடுத்துச் செய்த மாதிரி.

அவள் ரேடியோவின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். பிள்ளையின் கழுத்து அசையவில்லை. விழுங்குவது இவள் இல்லை.

சுவரில், வரைந்த கழுத்தில், வண்ணத்துக்கு அடியில், உருண்டையாக ஏதோ ஒன்று மேலும் கீழும் போய்வந்தது.

தோளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தபோது பிள்ளையின் உதட்டுத் தோல் நீண்டது. கிழிந்துவிடும். விட்டாள். ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து உதட்டோரம் ஊற்றினாள். எண்ணெயில் பட்ட மாதிரி உருண்டு தரைக்கு ஓடியது. இன்னொரு பாட்டில். அதுவும் ஓடியது. ரேடியோவின் கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பி அவளைப் பார்த்தது. சித்தியைத் தெரிந்த கண். பயந்த கண்.

எது கரைக்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினான்கு வருடமாகத் தெரியும்.

குச்சியால் ஆகிற காரியம் இல்லை. அவ்வளவு நேரம் இல்லை. சித்தி மண்டியிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளையின் உதடும் சுவரும் சேர்கிற இடத்தில் நாக்கை வைத்தாள்.

கொழுப்பு. கரி. அதற்கு அடியில் இனிப்பு. பால்பல் விழுந்த ஈறின் இனிப்பு. நக்கினாள். நிறுத்தாமல் நக்கினாள். சுவர் மெத்தென்று இருந்தது. வாயிலிருந்த ஈரமெல்லாம் உறிஞ்சப்படுவது நாக்கின் வேரில் வலியாகத் தெரிந்தது. கன்னத்துக்குள்ளிருந்து, நாக்கடியிலிருந்து, இழுத்தது. இன்னும். இன்னும் கொஞ்சம். உதட்டின் ஒரு ஓரம் பிரிந்தது. மறு ஓரம். சப்பென்று ஒரு சத்தத்தோடு ரேடியோ சுவரைவிட்டு விலகி அவள் மடியில் விழுந்தாள்.

மூச்சு இருந்தது. மார்பு ஏறி இறங்கியது. உயிரோடு இருந்தாள். சித்தி அவளை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் கரி படிந்த வாய் அவள் கழுத்தில் பட்டது. அதை அவள் துடைக்க நினைக்கவில்லை. அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வேறொன்றும் வேண்டாம்.

ரேடியோ பேச வாயைத் திறந்தாள். காற்று வந்தது. வெறும் காற்று.

"சித்தி" என்றது ரேடியோவின் குரல்.

மேலேயிருந்து வந்தது.

சுவரில், பிள்ளை ஒட்டியிருந்த இடத்தில், வரைந்த வாய்க்குள் ஒரு நாக்கு. சிவப்பு. ஈரம். புதிது. அது வெளியே வந்து கீழுதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டது. "சித்தி, இன்னிக்கு அம்மா வருவாங்களா? எத்தனை மணிக்கு வருவாங்க? என்ன வாங்கிட்டு வருவாங்க?" என்று நிறுத்தாமல் பேச ஆரம்பித்தது. அதே வேகம். அதே கொஞ்சல். பக்கத்தில் சோடாபுட்டி சுவரிலிருந்து தானாகக் கழன்று சாக்கு மூட்டையைப் போலச் சரிந்தான். அவன் இருந்த இடத்திலிருந்து அவன் குரல் சிரித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தரையில் விழுந்தார்கள், ஒரு சத்தமும் இல்லாமல். சுவர் மட்டும் பேசியது. ஒன்பது குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, முதல் நாள் மாதிரியே கூச்சல் போட்டது.

வெளியே காலடிச் சத்தம். நிறையப் பேர்.

"கேக்குதா?" என்றார் அதிகாரி, கதவுக்கு அப்பால். "இந்தச் சத்தத்துக்காகத்தான் இந்தத் திட்டமே."

"அதோ, அது என் பொண்ணு." அக்காவின் குரல் தழுதழுத்தது. "நேத்தெல்லாம் பேசவே இல்ல, எனக்கு உயிரே இல்ல. இப்பத்தான் மூச்சு வந்துது."

சித்தி கத்தினாள். கத்துவதாக நினைத்தாள். நாக்கு மேலண்ணத்தில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிரியவில்லை. எழப் பார்த்தாள், மடியில் பிள்ளை கனத்தது, கால் எழவில்லை. தொண்டையிலிருந்து காற்று வந்தது. வெறும் காற்று.

கதவு திறந்தது. வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்து, தரையில் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. அதற்கு இந்தப் பக்கம் இருட்டு. ஒன்பது வீட்டுப் பெரியவர்களும் இருட்டில் கண் தெரியாமல் சிரித்துக்கொண்டே நுழைந்தார்கள். அவரவர் பிள்ளையின் குரலைக் கேட்டு, அந்தக் குரல் வந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டே போனார்கள். அக்கா முன்னால் வந்தாள். அவள் புடவை முனை சித்தியின் முகத்தில் உரசிக்கொண்டு போனது. சித்தி அதைப் பிடித்தாள். வழுவழுவென்று விரலைவிட்டு நழுவியது.

"அம்மா" என்றது சுவர், ஆசையாக. "எத்தனை நாளாச்சு. குனிஞ்சு ஒரு முத்தம் குடும்மா."

அக்கா குனிந்தாள்.